ஷீக் இசைக்குழுவின் வரலாறு

ஷீக் என்பது அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1970களில் உருவான டிஸ்கோ இசைக்குழு ஆகும். கித்தார் கலைஞர் நைல் ராட்ஜர்ஸ், பேஸ் கித்தார் கலைஞர் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் ஆகிய இருவரும் இக்குழுவை நிறுவினர். டிரம்ஸ் கலைஞர் டோனி தாம்சன் அவர்களுடன் இணைந்து குழுவின் தாள அடித்தளமாக விளங்கினார். "லே ஃப்ரீக்", "குட் டைம்ஸ்" ஆகிய இரு பாடல்களும் அமெரிக்கப் பாடல் வரிசைப் பட்டியலில் முதலிடம் பெற்றன.

இக்குழு சொந்தப் பெயரில் பெற்ற பெரும் வெற்றிகள் அனைத்தும் 1977க்கும் 1979க்கும் இடைப்பட்டவை. டிஸ்கோ இசைக்கு எதிராக அமெரிக்காவில் எழுந்த வெறுப்பலை அதன் வானொலி வாழ்வை ஏறக்குறைய முடித்துவைத்தது. ஆயினும் அதே காலத்தில் ராப் இசையும் ராக் இசையும் இக்குழு அமைத்த இசையை எடுத்துக்கொண்டு வளர்ந்தன. ஒரு குழுவின் பெயர் விலக்கப்பட்டு, அதன் இசை மட்டும் எங்கும் ஏற்கப்பட்டது எவ்வாறு என்பதே ஷீக்கின் வரலாற்றைக் கவனிக்கத்தக்கதாக்குகிறது.

டிஸ்கோவின் பின்னணி

இசைத்தட்டுகளை இசைத்து நடனமாடும் விடுதியைக் குறிக்கும் "டிஸ்கோதெக்" என்ற பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கமே டிஸ்கோ. 1970இல் டேவிட் மன்கூசோ நியூயார்க்கில் தம் இருப்பிடத்திலேயே நடத்தத் தொடங்கிய "தி லாஃப்ட்" என்னும் நடன இரவுகள் இப்பண்பாட்டின் தொடக்கங்களில் ஒன்றாகக் கருதப்படுகின்றன. இத்தகைய இடங்களில் கூடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், இலத்தீன் அமெரிக்க வழியினர், தன்பாலீர்ப்பினர் ஆகியோர். வெளியுலகில் ஒதுக்கப்பட்ட இவர்கள் அச்சமின்றிக் கூடிய இடமாக நடனத் தளம் இருந்தது.

சீராக விழும் நான்கு அடித் தாளம், முன்னிற்கும் பேஸ் ஒலி, வயலின் குழுவின் பின்னணி ஆகியன டிஸ்கோவின் பொது இயல்புகள். நடனம் தடைபடாதிருக்க நீண்ட பாடல்கள் தேவைப்பட்டன. அதற்கு ஏற்றதாக 12 அங்குல இசைத்தட்டு வந்தது. அதில் பள்ளங்களுக்கு இடையே இடைவெளி மிகுதியாக இருந்ததால் பேஸ் ஒலியை உரக்கப் பதிக்க முடிந்தது. 1977இன் இறுதியில் வெளிவந்த "சாட்டர்டே நைட் ஃபீவர்" திரைப்படம் டிஸ்கோவைப் பெருவழக்காக்கியது. அப்படத்தின் வழியாக இவ்விசையை அறிந்த பலர் அது தோன்றிய இடங்களை அறிந்திருக்கவில்லை.

நிறுவனர்களும் குழுவின் தோற்றமும்

நைல் ராட்ஜர்ஸ் 1952இல் நியூயார்க்கில் பிறந்தவர். பதின்ம வயதில் கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தின் நியூயார்க் கிளையில் இருந்தார். "செசாமி ஸ்ட்ரீட்" தொலைக்காட்சித் தொடரின் மேடை நிகழ்ச்சிகளுக்கும், பின்னர் ஹார்லெமில் உள்ள அப்போலோ அரங்கின் நிலையக் குழுவிலும் கித்தார் வாசித்தார். அதே ஆண்டு வட கரோலினா மாநிலத்தின் கிரீன்வில்லில் பிறந்த பெர்னார்ட் எட்வர்ட்ஸ் நியூயார்க்கில் வளர்ந்தவர். இருவரும் 1970இல் சந்தித்தனர்.

1973இல் "ஐம் டூயின் ஃபைன் நவ்" என்ற பாடலால் புகழ்பெற்ற "நியூயார்க் சிட்டி" என்னும் பாடகர் குழுவுக்கு இவர்கள் பின்னணி இசைத்தனர். அப்போது இவர்களின் குழு "தி பிக் ஆப்பிள் பேண்ட்" என்று அழைக்கப்பட்டது. "தி பாய்ஸ்" என்ற பெயரில் ராக் இசையும் வாசித்தனர். அவர்களின் மாதிரிப் பதிவுகள் இசைத்தட்டு நிறுவனங்களுக்குப் பிடித்திருந்தும் ஒப்பந்தம் கிட்டவில்லை. கறுப்பினத்தவரின் ராக் குழுவை விற்பது கடினம் என்று நிறுவனங்கள் கருதியதை அங்கிருந்த நண்பர்கள் வழியாக அறிந்தனர். டிஸ்கோவில் அந்தத் தடை இருக்கவில்லை. நடன விடுதியில் பாடலைக் கேட்பவர் பாடகரின் முகத்தைப் பார்ப்பதில்லை.

1976இல் வால்டர் மர்ஃபி என்பவர் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை டிஸ்கோவாக்கி "பிக் ஆப்பிள் பேண்ட்" என்ற அதே பெயரில் வெளியிட்டார். அப்பாடல் பெருவெற்றி பெறவே, ராட்ஜர்சும் எட்வர்ட்சும் தங்கள் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. நேர்த்தியான நாகரிகப் பாங்கைக் குறிக்கும் "ஷீக்" என்ற பிரெஞ்சுச் சொல்லை 1977இல் பெயராகக் கொண்டனர்.

இப்பெயருக்குப் பின்னால் ஒரு திட்டம் இருந்தது. லண்டனில் ராக்ஸி மியூசிக் குழுவின் நிகழ்ச்சியைக் கண்ட ராட்ஜர்ஸ், இசையும் உடையும் தோற்றமும் ஒன்றிணைந்த முழுமையை அதில் கண்டார். முகச்சாயம் பூசி, தங்கள் முகங்களை மறைத்தே புகழ்பெற்ற கிஸ் குழுவும் அவரைக் கவர்ந்தது. நேர்த்தியான உடை, தனிமனித விளம்பரமின்மை ஆகிய இரண்டையும் ஷீக் தன் வழியாக்கியது. இந்த முகமின்மை பின்னர் அவர்களுக்கு வலிமையாகவும் இழப்பாகவும் அமைந்தது.

முதல் வெற்றிகள்

லபெல் குழுவுக்கு வாசித்துவந்த டோனி தாம்சன் டிரம்ஸ் கலைஞராக இணைந்தார். நார்மா ஜீன் ரைட் முதல் பாடகியானார். பிற்காலத்தில் பெரும் புகழ்பெற்ற லூத்தர் வேண்ட்ரோஸ் தொடக்க காலப் பதிவுகளில் பின்னணி பாடினார். அட்லாண்டிக் நிறுவனம் வெளியிட்ட "டான்ஸ், டான்ஸ், டான்ஸ்" பாடல் அமெரிக்கப் பட்டியலில் 6ஆம் இடம் வரை உயர்ந்தது. 1977இன் இறுதியில் "ஷீக்" என்ற பெயரிலேயே முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. நார்மா ஜீன் ரைட் தனிப்பாடகராகச் சென்றபின் அல்ஃபா ஆண்டர்சனும் லூசி மார்ட்டினும் முதன்மைப் பாடகிகளாயினர்.

1977ஆம் ஆண்டின் கடைசி இரவில், நியூயார்க்கின் புகழ்மிக்க "ஸ்டூடியோ 54" நடன விடுதிக்குப் பாடகி கிரேஸ் ஜோன்ஸ் ராட்ஜர்சையும் எட்வர்ட்சையும் அழைத்திருந்தார். வாயிற்காவலர் அவர்களை உள்ளே விடவில்லை. உள்ளே அவர்களின் பாடல்கள் ஒலிக்கக்கூடிய விடுதியின் வாயிலில் அவர்களை எவரும் அடையாளம் காணவில்லை. வீடு திரும்பிய இருவரும் சினம் தணியாமல் கருவிகளை எடுத்து வாசிக்கத் தொடங்கினர். காவலரை நோக்கிய ஒரு வசைச்சொல்லே பாட்டின் முதல் வடிவில் திரும்பத் திரும்ப வந்தது. வானொலியில் அதை ஒலிபரப்ப முடியாது என்பதால், அப்போது வழங்கிய ஒரு நடனத்தின் பெயரான "ஃப்ரீக்" என்ற சொல் அதன் இடத்தில் வைக்கப்பட்டது.

இவ்வாறு பிறந்த "லே ஃப்ரீக்" 1978இல் வெளிவந்து, விட்டுவிட்டு மொத்தம் 6 வாரங்கள் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அட்லாண்டிக் நிறுவனம் அதுவரை வெளியிட்ட தனிப்பாடல் இசைத்தட்டுகளுள் மிகுதியாக விற்றது இதுவே. இது இடம்பெற்ற "சே ஷீக்" தொகுப்பிலுள்ள "ஐ வாண்ட் யுவர் லவ்" பாடல் 7ஆம் இடம் பெற்றது.

இசையமைப்பின் இயல்புகள்

ஷீக்கின் பாடல்கள் கேட்பதற்கு எளியவை, அமைப்பில் நுட்பமானவை. ராட்ஜர்சின் வலக்கை நிற்காமல் தந்திகளை மேலும் கீழும் தட்டிக்கொண்டே இருக்கும். இடக்கை சில நொடிப்பொழுதுகளில் மட்டும் தந்திகளை அழுத்தி, மற்ற நேரங்களில் தொட்டு ஒலியை அடக்கும். இதனால் கித்தார் சுருதிக்கருவியாகவும் தாளக்கருவியாகவும் ஒருசேர இயங்குகிறது. எட்வர்ட்சின் பேஸ் கித்தாரோ மெட்டின் பணியையே ஏற்றுக்கொள்கிறது. பல பாடல்களில் பாடகியின் மெட்டைவிட பேஸின் மெட்டே நினைவில் நிற்கிறது.

"குட் டைம்ஸ்" இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் பேஸ் ஒலி ஒரே சுரத்தை மூன்று முறை அழுத்தமாக ஒலித்து, ஒரு கணம் மௌனமாகி, பின்னர் படிப்படியாக மேலேறுகிறது. அந்த மௌனத்தில் கைத்தட்டலும் கித்தாரும் வெளிப்படுகின்றன. பாடலின் நடுவில் கருவிகள் ஒவ்வொன்றாக விலகி, பேஸும் டிரம்சும் மட்டும் எஞ்சி, மீண்டும் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. நடனத் தளத்தில் எதிர்பார்ப்பைக் கூட்டுவதற்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடே பின்னர் ராப் கலைஞர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது.

ஒவ்வொரு பாடலுக்கும் உள்ளே மறைந்த ஒரு பொருள் இருக்க வேண்டும் என்பது இவர்களின் விதி. "குட் டைம்ஸ்" நல்ல காலம் வந்துவிட்டதாகக் கொண்டாடும் பாடல் போலத் தோன்றும். ஆனால் அதன் சொற்கள் 1930களின் பெரும் பொருளாதார மந்தக் காலத்துப் பாடல்களை நினைவூட்டும்படி அமைக்கப்பட்டவை. 1979இல் அமெரிக்கா எரிபொருள் தட்டுப்பாட்டிலும் விலையேற்றத்திலும் தவித்தது. நியூயார்க் நகராட்சி நான்கு ஆண்டுகளுக்கு முன்னர்தான் திவாலாகும் விளிம்புவரை சென்று மீண்டிருந்தது. துன்பத்தின் நடுவே கொண்டாட்டம் பாடுவதிலுள்ள கசப்பை அப்பாடல் உள்ளடக்கியிருந்தது. டிஸ்கோ பொருளற்ற களியாட்டம் என்று குறைகூறியவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

1979: இரண்டு விளையாட்டரங்குகள்

ராட்ஜர்சும் எட்வர்ட்சும் "ஷீக் ஆர்கனைசேஷன்" என்ற பெயரில் பிற கலைஞர்களுக்கும் பாடல்கள் எழுதித் தயாரித்தனர். அட்லாண்டிக் நிறுவனம் தன்னிடமிருந்த பெரும் நட்சத்திரங்களுக்குப் பணியாற்ற அழைத்தபோது, அதிகம் அறியப்படாத சிஸ்டர் ஸ்லெட்ஜ் சகோதரிகளை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். ஏற்கெனவே புகழ்பெற்றவருக்கு வெற்றி தேடித்தந்தால் பெருமை அவரையே சேரும். அறியப்படாதவரை உயர்த்தினால் அது தங்கள் திறமை என்பது விளங்கும் என்பதே காரணம். 1979இல் வெளிவந்த "வீ ஆர் ஃபேமிலி" பாடல் 2ஆம் இடம் பெற்றது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணி அதைத் தன் பாடலாக ஏற்றுக்கொண்டு அவ்வாண்டின் உலகத் தொடர்க் கோப்பையை வென்றது.

அதே பருவத்தில் மற்றொரு பேஸ்பால் அரங்கில் நேர்மாறான நிகழ்ச்சி நடந்தது. சிகாகோ வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் டால், தாம் பணியாற்றிய நிலையம் டிஸ்கோவுக்கு மாறியதால் வேலையிழந்து வேறொரு ராக் நிலையத்தில் சேர்ந்தவர். அவர் நடத்திய டிஸ்கோ எதிர்ப்புப் பரப்புரையின் உச்சமாக, 1979 ஜூலை 12 அன்று கோமிஸ்கி பார்க் அரங்கில் "டிஸ்கோ தகர்ப்பு இரவு" ஏற்பாடாயிற்று. டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவருவோருக்கு நுழைவுக் கட்டணம் 98 சென்ட் மட்டுமே. ஏறக்குறைய 50,000 பேர் கூடினர். இரு ஆட்டங்களுக்கு இடையே இசைத்தட்டுகள் நிறைந்த பெட்டி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் ஆடுகளத்துக்குள் பாய்ந்தனர். களம் சேதமடைந்து இரண்டாம் ஆட்டம் நடைபெறாமற்போகவே, வெற்றி எதிரணியான டெட்ராய்ட் டைகர்சுக்கு வழங்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியின் பொருள் குறித்துக் கருத்து வேறுபாடுகள் உள்ளன. அது வெறும் இசை விருப்பம் சார்ந்த கேளிக்கை என்றும், எவர்மீதும் வெறுப்பு இல்லை என்றும் டால் கூறிவந்துள்ளார். அன்று அங்கு ஊழியராகப் பணியாற்றியவரும், பின்னர் சிகாகோவின் ஹவுஸ் இசையைத் தொடங்கியவர்களில் ஒருவருமான வின்ஸ் லாரன்ஸ் வேறொன்றைக் கண்டார். மக்கள் கொண்டுவந்தவற்றில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் இசைத்தட்டுகள் பல இருந்தன. ராட்ஜர்சும் அந்நிகழ்ச்சியை நாஜிகளின் புத்தக எரிப்போடு ஒப்பிட்டுப் பேசியுள்ளார். சந்தை தெவிட்டும் அளவுக்கு நிறுவனங்கள் டிஸ்கோ என்ற முத்திரையுடன் தரமற்ற தட்டுகளை வெளியிட்டதும் வீழ்ச்சிக்கு ஒரு காரணம்தான். ஆனால் சலிப்பு மட்டுமே காரணமாக இருந்திருந்தால் தட்டுகளை வாங்காமல் விட்டிருப்பர், வெடிவைத்திருக்கத் தேவையில்லை.

ஆகஸ்ட் 18 அன்று "குட் டைம்ஸ்" முதலிடம் பெற்றது. அடுத்த வாரமே தி நேக் என்ற ராக் குழுவின் "மை ஷரோனா" அவ்விடத்தைப் பிடித்தது. வானொலி நிலையங்கள் டிஸ்கோவைக் கைவிட்டன. அதன்பின் ஷீக்கின் எந்தப் பாடலும் அமெரிக்கப் பட்டியலின் முதல் 40 இடங்களுக்குள் வரவில்லை.

"குட் டைம்ஸ்" பாடலின் மறுவாழ்வு

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இசைத்தட்டாளர்கள் இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி இசைத்து, பாடலின் தாளப் பகுதியை நீட்டி, அதன்மேல் சொற்களை அடுக்கிப் பேசும் கலையை வளர்த்துவந்தனர். "குட் டைம்ஸ்" நடுவிலுள்ள நீண்ட பேஸ் பகுதி அதற்கு மிகவும் பொருந்தியது. 1979 செப்டம்பரில் சில்வியா ராபின்சன் தயாரித்து, சுகர்ஹில் கேங் பாடிய "ராப்பர்ஸ் டிலைட்" வெளிவந்தது. அமெரிக்கப் பட்டியலின் முதல் 40 இடங்களுக்குள் நுழைந்த முதல் ராப் பாடல் அது. அதன் அடித்தளம் முழுவதும் "குட் டைம்ஸ்" இசையே.

ராட்ஜர்ஸ் அதை ஒரு நடன விடுதியில் தற்செயலாகக் கேட்டார். சட்ட நடவடிக்கை எடுக்கப்போவதாக இருவரும் அறிவித்தபின் உடன்பாடு ஏற்பட்டு, ராட்ஜர்ஸ், எட்வர்ட்ஸ் பெயர்கள் பாடலாசிரியர்களாகச் சேர்க்கப்பட்டன. ஒருவர் அமைத்த தாளத்தையும் பேஸ் ஒலியையும் இன்னொருவர் எடுத்தாண்டால் அதற்கு உரிமையும் ஊதியமும் யாருக்கு என்ற கேள்வியை எழுப்பிய தொடக்க கால வழக்கு இது. ராப் இசையில் மாதிரி எடுத்தல் பெருகிய பின் இக்கேள்வி பல நீதிமன்றங்களைச் சென்றடைந்தது.

1980இல் குயின் குழுவின் "அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்" அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. அதை எழுதிய ஜான் டீக்கன் ஷீக்கின் பதிவுகளின்போது உடனிருந்தவர் என்று எட்வர்ட்ஸ் பிற்பாடு கூறினார். அதைவிட, ஷீக் குழுவே குயினைப் பின்பற்றியதாக இதழ்கள் எழுதியதுதான் அவரை அதிகம் வருத்தியது. முகமற்ற குழுவாக இருந்ததன் விலை இங்கே தெரிந்தது.

தயாரிப்பாளர்களாக

1980இல் டயானா ராஸின் "டயானா" தொகுப்பை இருவரும் எழுதித் தயாரித்தனர். மோட்டவுன் நிறுவனமும் ராஸும் அவர்களைக் கேட்காமலேயே ஒலிக்கலவையை மாற்றியமைத்தனர். ஷீக்கின் மூலக் கலவை 2003இல்தான் வெளிவந்தது. இத்தொகுப்பின் "அப்சைட் டவுன்" 4 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. "ஐம் கமிங் அவுட்" பாடலுக்கு, ஒரு விடுதியில் டயானா ராஸ் போல வேடமிட்ட பலரைக் கண்டதே தூண்டுதல் என்று ராட்ஜர்ஸ் கூறியுள்ளார். அது தன்பாலீர்ப்பினரின் உரிமைப் பாடலாகப் பின்னாளில் நிலைபெற்றது.

ஷீக்கின் பிற்காலத் தொகுப்புகள் விற்கவில்லை. 1983இல் வெளிவந்த "பிலீவர்" தொகுப்புக்குப் பின் குழு கலைந்தது. அதே ஆண்டு ராட்ஜர்ஸ் தயாரித்த டேவிட் போவியின் "லெட்ஸ் டான்ஸ்" உலகெங்கும் வெற்றி பெற்றது. 1984இல் மடோனாவின் "லைக் எ வர்ஜின்" தொகுப்பைத் தயாரித்தார். அதன் தலைப்புப் பாடலில் கித்தார், பேஸ், டிரம்ஸ் வாசித்தவர்கள் ராட்ஜர்ஸ், எட்வர்ட்ஸ், தாம்சன் ஆகிய மூவருமே. ஷீக் என்ற பெயருடன் வந்திருந்தால் வானொலிகள் ஏற்றிருக்குமா என்று ஐயுறத்தக்க அதே கைகளின் இசை 6 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. எட்வர்ட்ஸ், ராபர்ட் பால்மரின் "அடிக்டட் டு லவ்" பாடலையும் பவர் ஸ்டேஷன் குழுவின் முதல் தொகுப்பையும் தயாரித்தார். அக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் தாம்சன். 1985இல் லைவ் எய்ட் நிகழ்ச்சியில் லெட் செப்பெலின் குழுவுடன் மேடையேறி வாசித்தவரும் அவரே.

மறுகூடலும் பிற்காலமும்

ராட்ஜர்சும் எட்வர்ட்சும் மீண்டும் இணைந்து 1992இல் "ஷீக்-இசம்" தொகுப்பை வெளியிட்டனர். 1996 ஏப்ரலில் ஜப்பானில் ராட்ஜர்சைச் சிறப்பிக்கும் இசை நிகழ்ச்சிகள் நடைபெற்றன. நுரையீரல் அழற்சியால் கடும் உடல்நலக் குறைவுற்றிருந்த எட்வர்ட்ஸ், டோக்கியோவின் புடோகான் அரங்கில் நிகழ்ச்சியை நிறுத்த மறுத்து வாசித்து முடித்தார். ஏப்ரல் 18 அன்று விடுதி அறையில் அவர் இறந்துகிடந்ததைக் கண்டவர் ராட்ஜர்ஸ். எட்வர்ட்சுக்கு அப்போது வயது 43. டோனி தாம்சன் 2003இல் புற்றுநோயால் காலமானார்.

ராட்ஜர்சுக்கு 2010இல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சிகிச்சைக்குப் பின் மீண்டும் மேடைகளில் வாசிக்கலானார். 2013இல் பிரெஞ்சு இரட்டையர் டாஃப்ட் பங்க் வெளியிட்ட "கெட் லக்கி" பாடலில் அவரது கித்தார் ஒலி புதிய தலைமுறையைச் சென்றடைந்தது. 2014 கிராமி விழாவில் அது ஆண்டின் சிறந்த பதிவுக்கான விருதைப் பெற்றது. 2018இல் "நைல் ராட்ஜர்ஸ் & ஷீக்" என்ற பெயரில் "இட்ஸ் அபவுட் டைம்" தொகுப்பு வெளிவந்தது.

மதிப்பீடு

ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்துக்கு ஷீக் 11 முறை பரிந்துரைக்கப்பட்டும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. 2017இல் ராட்ஜர்சுக்கு மட்டும் இசைத் திறனுக்கான தனிவிருது அளிக்கப்பட்டது. குழு விடப்பட்டுத் தான் மட்டும் அழைக்கப்பட்டதில் அவர் மகிழ்ச்சியும் குழப்பமும் அடைந்ததாகக் கூறினார். பாடலாசிரியர் புகழ்மன்றம் 2016இல் ராட்ஜர்ஸ், எட்வர்ட்ஸ் இருவரையும் சேர்த்துக்கொண்டது.

ஒரு பாடலை மெட்டு, சொல், பாடகர் குரல் ஆகியவற்றால் அடையாளம் காண்பதே நெடுங்கால வழக்கம். ஷீக்கின் பங்களிப்பு அவற்றுக்கு அடியில் இருந்தது: தாளம், பேஸ், கருவிகள் விலகிச் சேரும் முறை. பின்வந்த ராப், ஹவுஸ் உள்ளிட்ட நடன இசை வகைகள் இந்த அடித்தளத்தையே முதன்மைப்படுத்தியதால் ஷீக்கின் மதிப்பு காலம் செல்லச் செல்ல உயர்ந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் தேசியப் பதிவேட்டை நடத்திவருகிறது. அதில் ஷீக்கின் "லே ஃப்ரீக்", சிஸ்டர் ஸ்லெட்ஜின் "வீ ஆர் ஃபேமிலி", சுகர்ஹில் கேங்கின் "ராப்பர்ஸ் டிலைட்" ஆகிய மூன்றும் இடம்பெற்றுள்ளன. மூன்று வெவ்வேறு பெயர்களில் வெளிவந்த அம்மூன்றிலும் ராட்ஜர்ஸ், எட்வர்ட்ஸ் ஆகியோரின் இசை உள்ளது.